சாராள் டீச்சர் கடந்த சாலை

தாம்பரத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அனுப்பிரியாவுக்கு வேலை. பம்மல் சாலையில் புதிதாக வைத்த சிக்னல் கேமரா வழியே வண்டிகளை எண்ணி, நெரிசலான பக்கத்துக்குப் பச்சை விளக்கை நீட்டித்தது. பேருந்துகள் முன்பைவிடச் சீக்கிரம் நகர்ந்தன. எல்லோருக்கும் திருப்தி.

ஒரு ஞாயிறு காலை, திரையில் ஒரு அம்மாள் கைத்தடியோடு சாலையோரம் வந்து நின்றார். நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்தது. அவர் நாலடி வைப்பதற்குள் அணைந்தது. பின்வாங்கினார். மறுமுறையும் அப்படியே. எதிரே இருந்த சர்ச் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றவர், வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அதுவேதான் நடந்தது.

மேலதிகாரி லக்ஷ்மிநாராயணனிடம் அனுப்பிரியா சொன்னாள்: "சார், நம்ம சிஸ்டம் வண்டிய மட்டும்தான் எண்ணுது. நடக்கிற ஆள் அதுக்குக் கணக்குலயே இல்ல."

"கிராசிங் டைம கூட்டினா டிராஃபிக் பல்லாவரம் வரைக்கும் நிக்கும்மா."

"எப்பவும் வேணாம் சார். மெதுவா நடக்கிறவங்க ரோட்டுல இருந்தா மட்டும். கேமராதான் பாக்குதே."

அவர் யோசித்தார். "சரி, ஒரு மாசம் போட்டுப் பாரு."

மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த அம்மாள் அதன் பிறகு வரவே இல்லை. ஒரு ஞாயிறு மாலை அனுப்பிரியா சர்ச்சுக்கே போய் விசாரித்தாள். "சாராள் டீச்சரா?" என்று வீட்டைக் காட்டினார்கள்.

"ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து கால் சொன்னபடி கேக்கல. எதிர்ல இருக்கிற சர்ச்சுக்கு ஆட்டோவான்னு போறதையே விட்டுட்டேன்" என்றார் சாராள். அனுப்பிரியா வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது. "நான் முழிச்சிட்டு நின்னதெல்லாம் பாத்துட்டு இருந்தியா?"

"பாத்தேன் ஆன்ட்டி. சங்கடமாத்தான் இருக்கும். ஆனா பாக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

சாராள் எழுந்தார். உள்ளே போனவர் கைத்தடியும் செருப்புமாக வந்தார். "வா, நீ என்ன பண்ணியிருக்கேன்னு பாக்கலாம்."

பாதிச் சாலையில் அவருக்குக் கால் தளர்ந்தது. விளக்கில் இறங்கிக்கொண்டிருந்த எண் நின்று, மறுபடி கூடியது. ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. சாராள் அவசரப்படவில்லை. அனுப்பிரியா நீட்டிய கையையும் பிடிக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஏறி நின்று மூச்சு வாங்கினார். கண்கள் கலங்கியிருந்தன.

சர்ச்சில் பாட்டு தொடங்கியிருந்தது.

"நீ கிளம்பும்மா" என்றார். "திரும்பறப்ப நானே வந்துக்கிறேன்."