துடிப்பு நிற்கும்வரை

அக்கா ஈரத்துணியால் தங்கையின் கால்களைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்திருந்தது.

"பஸ் இப்படி ஒழுகினா டிப்போவுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க, அக்கா" என்றாள் தங்கை. அவள் பஸ் கண்டக்டர், வாய் ஓயாது.

டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள்.

"துடிப்பு இருக்கு."

"பொழைக்குமா?"

"பொழைக்காதும்மா. தண்ணி முழுசா போயிடுச்சு."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழு வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை. பிறகு மெல்ல இந்தப்பக்கம் திரும்பினாள்.

"அப்ப எடுத்துடுங்க, டாக்டர். எனக்கு உடம்பெல்லாம் குளிருது."

"துடிப்பு இருக்கறப்ப நாங்க தொட மாட்டோம். இது ஆண்டவன் பேர்ல நடக்கற ஆஸ்பத்திரி."

"வேற ஆஸ்பத்திரிக்காவது அனுப்புங்க" என்றாள் அக்கா.

"எடுக்கறதுக்குன்னு அனுப்பினா, நாங்களே எடுத்த மாதிரிதானே?"

சின்னப்பிள்ளைக்கு மருந்து ஊட்டுகிறவளைப் போலத் தன்மையாகச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா கை கழுவப் போனாள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் போய் ஜெபிக்கிற பிரார்த்தனைக்கார அம்மாள் வந்து கட்டிலருகே நின்றாள். "ரெண்டு உயிருக்காகவும் வேண்டிக்கறோம்."

"வேண்டறது ரெண்டுக்கு. பாத்துக்கறது ஒண்ண மட்டும்தான்" என்றாள் தங்கை. அதன்பிறகு அவள் நினைவோடு பேசவில்லை.

ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. அக்கா ஓடிப்போய் ஒரு கார் பிடித்து வந்தாள். டாக்டர் கையெழுத்து இல்லாமல் நோயாளியை வெளியே விட முடியாது என்றாள் நர்ஸ். டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். கார்க்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"உள்ள தள்ளிப் போங்க... படியில நிக்காதீங்க..." தங்கை பிதற்றினாள். பல் கிடுகிடுத்தது. அக்கா மேலே சாய்ந்து அழுத்திப் பிடித்தும் நடுக்கம் அடங்கவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா மறுபடி கருவியை வைத்தாள். நகர்த்தி நகர்த்திக் கேட்டாள். அவள் முகம் தெளிந்தது.

"நின்னுடுச்சு. இனி தடையில்லை."

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது, ஏற்றுவதற்கு ரத்தம் வந்தது, கேட்காமலே நாலு பேர் வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. திறந்தபோது டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றியபடி நின்றாள்.

"ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு. எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்."

"எப்ப செஞ்சீங்க?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கை கழுவப் போனாள்.

லாரியோடு வெளியூர் போயிருந்த புருஷன் இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தான். பிரார்த்தனைக்கார அம்மாள் ஒரு சின்ன மூட்டையை அவன் கையில் வைத்தாள். புதுத் துணியில் பக்குவமாகச் சுற்றி, தலைக்குக் கம்பளிக் குல்லாயும் போட்டிருந்தார்கள்.

"கடைசிவரைக்கும் நாங்க ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள்.

அவன் தலையாட்டினான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

தங்கையின் உடலை வண்டியில் ஏற்றும்போது ஆயா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். "அந்தப் போர்வை ஆஸ்பத்திரியோடது, அம்மா. கேப்பாங்க."

அக்கா தன் சால்வையை எடுத்துத் தங்கைமேல் போர்த்தி, அடியிலிருந்து போர்வையை உருவினாள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஆயா பிடித்தாள். இருவரும் அதை ஒருமுறை உதறினார்கள். பிறகு எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை வைத்து மடித்தார்கள்.