பத்தியில் இருப்பது மட்டும்

என் வீட்டுக்காரர் குடோன் வாட்ச்மேன். மாலை ஆறு மணிக்குப் போனால் காலை ஏழுக்குத்தான் வருவார். நான் ஆஸ்பத்திரியில் போன் எடுப்பவள். ஏழரைக்குக் கிளம்பினால் அவர் வேலைக்குப் போன பிறகுதான் வீடு திரும்புவேன். அவருக்கு வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. எனக்கு விடுமுறையென்றால் பகல் முழுக்க அவருக்குத் தூக்கம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் முகம் பார்த்துப் பேசியதெல்லாம் காலையில் அந்த அரை மணி நேரம்தான். “சூரியனுக்கும் சந்திரனுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்காங்க” என்று என் தங்கை கேலி செய்வாள்.

அவர் கம்பெனியில் கேமரா அறைக்குப் பகல் வேலை ஆள் எடுக்கிறார்கள். அதற்கு ஒரு பரிட்சை. ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்வார்கள். இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டார். மூன்றாவது முறையும் போனால் அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

அவர் ஒன்றும் மக்கு இல்லை. வேலைதான் அவரைக் கெடுத்தது.

‘கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போனார்’ என்று பத்தியில் இருக்கும். கடைக்காரர் எங்கே போனார் என்பது கேள்வி. இவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிப்பார்.

“வீட்டுக்குன்னு எழுதுங்களேன்.”

“யாரு பார்த்தா? ‘நேராக’ன்னு எதுக்கு அழுத்திச் சொல்றான்? அங்கதான் ஏதோ இருக்கு.”

“ஐயோ, அந்தாளு உங்க குடோனுக்குத் திருட வரலீங்க!”

என் வேலையில் நான் கற்றது வேறு. போனில் வயிற்று வலி என்று சொன்னால் வயிற்று வலி என்றுதான் எழுத வேண்டும், நாமாக வைத்தியம் பார்க்கக் கூடாது. அதையே அவருக்கும் சட்டமாக்கினேன். முதலில் கேள்விகளைப் படிக்க வேண்டும், பிறகு பத்தியை. எந்தப் பதிலை எழுதினாலும் அது இருக்கிற வரியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். விரல் வைக்க இடமில்லை என்றால் அது பதிலே இல்லை. அவர் சாப்பிடும்போதும் நான் தலை வாரும்போதும் “விரல் எங்கே?” என்று உயிரை வாங்கினேன். மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். பாவம், கண்ணெல்லாம் சிவந்திருக்கும்.

பரிட்சைக்கு முந்தின நாள் கைவசம் இருந்த பத்திகள் தீர்ந்துபோயின. அதனால் நானே அவசரமாக ஒன்று எழுதி வைத்திருந்தேன். யாரோ ஒருத்தி வேலை முடிந்து களைப்பாக வீட்டுக்கு வருகிறாள், சமைக்கிறாள், தூங்குகிறாள். கடைசிக் கேள்வி, ‘அவள் எப்படி இருந்தாள்?’ களைப்பாக இருந்தாள் என்று எழுதினால் முழு மதிப்பெண்.

அவர் எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘தனியாக இருக்க முடியாமல் இருந்தாள்.’

“வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியாச்சா? நாளைக்குப் பரிட்சைங்க! இல்லாததை ஏன் எழுதறீங்க? விரல் எங்கே?”

அவர் விரலை வைத்தார். “இங்க பாரு. ‘ரேடியோவைப் போட்டாள். என்ன பாடுகிறது என்று கவனிக்கவில்லை.’ கேக்காதவ எதுக்குப் போடறா?” விரல் கீழே நகர்ந்தது. “‘நின்றபடியே சாப்பிட்டாள்.’ ‘விளக்கை அணைக்காமல் தூங்கினாள்.’ நான் எதையும் சேர்க்கலம்மா. எல்லாம் நீ எழுதினதுதான்.”

தாளை வாங்கிப் படித்தேன். யாரோ ஒருத்தி என்று நினைத்துத்தான் எழுதினேன், சத்தியமாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“அரை மணி நேரத்துல என்னத்தைச் சொல்றது?” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன், மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவர் பரிட்சை எழுதினார். தேறிவிட்டார்.

பகல் வேலைக்கு அவர் போன முதல் நாள், வழக்கம்போல இருட்டின பிறகு வீட்டுக்கு வந்து பூட்டைத் தேடினேன். பூட்டு இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கையிலிருந்த சாவியைப் பைக்குள் போட்டேன். பிறகு, அந்த வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வருடத்தில் முதல் முறையாக, என் வீட்டுக் கதவை நான் தட்டினேன்.