சூடான எண்ணெய் என்று பேர்

1

இந்தக் கதை என் வாயிலிருந்து தொடங்கியது. வேறு எங்கிருந்தாவது தொடங்கியதாகக் காட்டிவிடலாமா என்று மூன்று நாளாக முட்டி மோதிப் பார்க்கிறேன்.

எங்கள் பேட்டை ஷுப்ராவில் அன்று காலை வெயில் — வேண்டாம். வெயில் என்ன பாவம் செய்தது?

லபீப் ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விட்டதில்லை. இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் இது அவர் கதையாகிவிடும், நான் நைசாக நழுவிவிடுவேன்.

நேராகவே சொல்கிறேன். மீன் எண்ணெய் மாத்திரையைக் குண்டூசியால் குத்திப் பிழியலாம் என்று இரீனியிடம் சொன்னது நான்.

2

இரீனி என் கீழ்வீட்டுக்காரி, தையல்காரி. அவள் அப்பா லபீப் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜனவரியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மருந்துச் சீட்டோடு, வாரம் இரண்டு முறை மீனும் சாப்பிடச் சொன்னார். அடுத்த மாதமே ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு வந்துவிட்டது. ஐம்பத்தைந்து நாள். கறி, பால், முட்டை கிடையாது. மீனும் கிடையாது.

பாதிரியார் வீடு தேடி வந்தார்.

"லபீப், நோயாளிக்கு விலக்கு உண்டுய்யா. நானே தர்றேன். மீன் சாப்பிடு."

"யாரு சாமி நோயாளி?"

"ம்? மூணாவது தெருவுல ஒரு பூனை. நீதான்யா!"

"அப்ப அந்தப் பூனைக்கே மீனைப் போடுங்க."

பாதிரியார் சிரித்தார். லபீப் சிரிக்கவில்லை.

"ஃபீபி போன வருஷம் நோன்பு பாதியில போனா சாமி. முப்பத்தோராம் நாள். அவ மிச்சம் வச்சதையும் சேர்த்து முழுசாப் பிடிக்கிறேன்னு அவ காதுல சொல்லியிருக்கேன்."

மனைவியின் காதில் சொன்ன சொல்லுக்கு எந்தப் பாதிரியார் விலக்குத் தருவார்? அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

3

இனி நான். (இந்தப் பகுதியை நான்கு முறை அழித்தேன். நான்கிலும் நான் நல்லவளாகவே வந்தேன்.)

இரீனி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தகவல் சொல்ல வரும்.

"ஒமேகா மூணுன்னு ஒரு கொழுப்பு இருக்கு இரீனி. அத்தியாவசியம்னு ஏன் சொல்றாங்க தெரியுமா? உடம்பு அதைத் தானா செஞ்சுக்க முடியாது. வெளியில இருந்துதான் வரணும்."

"அப்பா தினம் மொச்சை ஃபூல்ல ஸெய்த் ஹார் ஊத்திக்கிறாரே. ஆளிவிதை எண்ணெய்தானே அது? அதுல இல்லியா?"

"இருக்கு. ஆனா அது வேற ரகம். மீன்ல இருக்கிற ரகமா அதை உடம்பு மாத்துறது கொஞ்சூண்டுதான்."

"வால்நட்?"

"அதுவும் அதே கதை."

"மாத்திரைன்னா முழுங்க மாட்டார். டப்பா மேல மீன் படம் வேற போட்டிருக்கு."

அப்போதுதான் அந்தக் குண்டூசியைச் சொன்னேன். அவள் ரவிக்கையில் வரிசையாகக் குத்தியிருந்தது. அது கண்ணில் படாமலிருந்தால் ஒருவேளை — இல்லை. சொல்லித்தான் இருப்பேன்.

[ஒன்று: மாத்திரை அவரைக் காப்பாற்றும் என்று டாக்டர் சொல்லவில்லை. மீன் சாப்பிடச் சொன்னார், அவ்வளவுதான். மாத்திரை என் சொந்தச் சரக்கு.]

[இரண்டு: பாசியிலிருந்து எடுத்த மாத்திரையும் உண்டு. மீனில் இருக்கும் அதே ரகம், நோன்புக்காரரும் சாப்பிடலாம். இதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.]

[மூன்று: ஸெய்த் ஹார் என்றால் சூடான எண்ணெய். பேர்தான் அப்படி, அதைச் சூடாக்கவே கூடாது. நான் இங்கே வந்த புதிதில் பேரை நம்பி வாணலியில் காய்ச்சிவிட்டேன். மூன்று மாடிக்கும் மீன் நாற்றம். லபீப் மேலேறி வந்து, "ஏம்மா, எண்ணெயையே பொரிச்சிட்டியா?" என்று கேட்டது எட்டு வருடமாகக் கட்டிடத்தில் ஓடும் ஜோக்.]

4

நோன்பின் ஆறாம் நாள் மதியம் குழைய வெந்த ஃபூலில் எலுமிச்சை, சீரகம், ஸெய்த் ஹார் சேர்த்தாள். அதில் இரண்டு மாத்திரையைப் பிழிந்தாள்.

ஒரு வாய் வைத்ததும் லபீப் நிறுத்தினார்.

"என்னடி இது, மீன் வாடை?"

"மேல்வீட்டுக்காரி மாதிரி நானும் காய்ச்சித் தொலைச்சிட்டேன்பா."

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். என் பழைய தப்பு அவளுக்குப் பொய் சொல்ல உதவியது.

மறுநாளும் வாடை. அதற்கு மறுநாளும். எத்தனை நாள்தான் காய்ச்சித் தொலைப்பது? "எண்ணெயே அப்படித்தான் வருதுப்பா" என்றாள் இரீனி. இருபத்தேழாம் நாள் லபீப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு செக்குக்கடை ரிஸ்க் ஹாஜியாரிடம் போனார்.

"ஹாஜியாரே, கெட்டுப்போன எண்ணெயை என் தலையில கட்டிட்டீர்."

ஹாஜியார் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார்.

"இரீனி அப்பா, எண்ணெய் தங்கமா இருக்கு. உம்ம தட்டுல யாரோ மீன் பிடிக்கிறாங்க. போய்ப் பாரும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லபீப் பாட்டிலை மூடிக்கொண்டு திரும்பினார். மறுநாளிலிருந்து ஃபூலில் உப்பு மட்டும் போட்டுக்கொண்டார். அதையும் பானையிலிருந்து தன் கையாலேயே எடுத்துக்கொண்டார்.

5

அவருக்குத் தெரிந்துவிட்டதா? கதை எழுதுகிறவள் நான், எனக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவர் இரீனியின் தலையைத் தடவி, எல்லாம் எனக்குத் தெரியும் மகளே, நீ என் நல்லதுக்குத்தானே — அடித்துவிட்டேன். இது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மன்னிப்பு.

டாக்டர் அவருடைய இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து வியந்து — இது மாத்திரை டப்பாவில் எழுதுகிற கதை.

நடந்தது இதுதான். நாற்பத்தொன்பதாம் நாள் காலை மறுபடி வலி. இந்த முறை டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இன்று தாண்டாது என்று நர்ஸ்தான் சொன்னாள். இரீனி உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, அவர் குரல் எனக்குக் கேட்டது.

"ஃபீபி கேப்பா. சிக்னல்காரன் ஒண்ணு கூட்டிச் சொல்லக் கூடாது, குறைச்சும் சொல்லக் கூடாது. எத்தனை நாள் புடிச்சேன், சொல்லு பொண்ணே."

நாற்பத்தொன்பது. இல்லாவிட்டால், மீன் எண்ணெய் கலந்த அந்த இருபத்திரண்டு நாளைக் கழித்தால், இருபத்தேழு.

இரீனி வெளியே வந்தாள். அழவில்லை.

"நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே. என்ன சொல்லட்டும்?"

எட்டு வருடத்தில் அன்றுதான் என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

6

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. படிக்கட்டில் சொன்னேனே, சில பொருளை உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று. இந்த முடிவும் அந்த ரகம்.

இரீனி கதவின் கைப்பிடியில் கை வைத்து நிற்கிறாள். உள்ளே அவர் காத்துக்கொண்டிருக்கிறார். ஓர் எண்தான்.

சீக்கிரம் சொல்லுங்கள்.