ஜிகுராட்டுக்குள் ஒரு அறை

பெரியவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது புதன்கிழமை காலை பத்தே காலுக்கு. அப்போதுதான், திறப்பு விழாவுக்கு முன் ஒரு முன்னோட்டமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபது பேர் அருங்காட்சியகத்தின் புதுக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். அவள் செய்த ஜிகுராட்டை, பழங்காலப் படிக்கோயிலின் அந்த மாதிரியை, போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிரே இருந்த பிரமிடைப் போய் மொய்த்துக்கொண்டார்கள்.

பிரமிடைச் செய்தவள் சின்னவள். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். வீட்டில் பெரியவள் கீழே, சின்னவள் மாடியில். அருங்காட்சியகத்தில் மாதிரிகள் செய்யும் பட்டறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. பெரியவள் அங்கே பதினோரு வருடமாக இருக்கிறாள். சின்னவள் வந்து மூன்று வருடம்தான். வேலைக்குச் சிபாரிசு செய்ததே பெரியவள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று இப்போது தினம் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறாள்.

பட்டறைத் தலைவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். வெள்ளிக்கிழமை காலை இரண்டு மாதிரிகளையும் பார்த்துவிட்டு, அந்த நாற்காலி யாருக்கு என்று அருங்காட்சியகப் பொறுப்பாளர் மேடம் சொல்லப்போகிறார். விஷயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதன் மேல் பூசிய பூச்சு.

பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. பிரமிடு என்பது அரசனின் உடலை உள்ளே வைத்து மூடிய கல்மலை. சின்னவள் அதன் ஒரு பக்கத்தைக் கதவு போலத் திறக்கும்படி செய்திருந்தாள். திறந்தால் சாய்வான வழி, குறுகலான நடை, கடைசியில் அரசனின் அறை, அறைக்குள் ஒரு குட்டி பல்பு. ஜிகுராட்டில் திறக்க என்ன இருக்கிறது? பச்சைச் செங்கல்லை அடுக்கி, நடுநடுவே நாணல் பாய் விரித்து, வெளியே மட்டும் சுட்ட செங்கல்லைப் போர்த்தி, படி வைத்து ஏற்றி, உச்சியில் ஒரு கோயிலைக் கட்டிவிட்டார்கள். உள்ளே முழுக்க மண்தான்.

பெரியவள் அதை அசல் களிமண்ணிலேயே செய்திருந்தாள். விரல் நகம் அளவில் நாலாயிரம் செங்கல். அந்தக் காலத்துக் கொத்தர்கள் செய்த மாதிரியே, மண்ணின் ஈரம் வெளியேறச் சுவர் முழுக்க ஊசிமுனை ஓட்டைகள்கூட விட்டிருந்தாள். ஒருத்தரும் கவனிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் விட்டாள், அவள் வேலை அப்படி.

ஒரே ஒரு சிறுமி அவள் ஜிகுராட் பக்கம் நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று வழிகாட்டியைக் கேட்டாள். ஒன்றுமில்லை, வெறும் மண் என்றார் அவர். "அப்போ சும்மாவா?" என்று கேட்டுவிட்டு அந்தச் சிறுமியும் பிரமிடுக்கு ஓடிவிட்டாள்.

அன்று வீட்டில் பெரியவளின் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே, தம்பி பெண்டாட்டி செய்ததில் விளக்கெல்லாம் எரிகிறதாமே என்று விசாரித்தார். மனிதர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். பெரியவள் குழம்புச் சட்டியை வைத்த வேகத்தில் அவர் அடுத்த கேள்வியை விழுங்கிவிட்டார்.

வியாழக்கிழமை சின்னவள் விடுப்பு. பெரியவள் ஜிகுராட்டின் பின்பக்கச் செங்கற்களைப் பெயர்த்தாள். உள்ளே இறுகிக்கிடந்த மண்ணைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கரண்டியால் தோண்டி ஒரு அறை எடுத்தாள். அதில் ஒரு கட்டில், கட்டிலில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு ராஜா, தலைமாட்டில் பல்பு. பிரமிடில் ஒரு பல்பு என்றால் இவள் இரண்டு வைத்தாள். பின்சுவரைக் கதவாக்கி மூடிவிட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் கசிந்து ஜிகுராட் சல்லடை மாதிரி தெரிந்தது. மெழுகை உருக்கி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தாள். விளக்கை அணைக்க மறந்து வீட்டுக்குப் போனாள். பதினோரு வருடம் மண்ணோடு பழகியவள், ஈர மண்ணைச் சூடாக்கி அது மூச்சுவிடும் வழியையும் அடைத்துவிட்டோம் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பொறாமை கண்ணை மறைக்கும்போது கைத்தொழிலையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது, சின்னவள் கையில் ஊசியோடு ஜிகுராட்டின் மேல் குனிந்து நின்றாள்.

"என் வேலையில கை வைக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா?" பெரியவளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "பட்டப்பகல்ல ஓட்டை போட்டுக் கெடுக்கிறியா?"

"அக்கா, கொஞ்சம் பக்கத்துல வந்து பாருங்க."

முன்சுவர் உப்பியிருந்தது. நடுவில் இரண்டு செங்கற்கள் விலகி வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. சின்னவள் குத்திவிட்ட ஓட்டை ஒன்றிலிருந்து சேற்றுத்தண்ணீர் சொட்டாகப் புறப்பட்டு, செங்கல் செங்கல்லாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேடம் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார், ஓட்டைகளைப் பார்த்தார், சின்னவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அசல் ஜிகுராட்டிலும் ஈரம் போக இப்படித்தான் வழி விட்டிருந்தார்கள் என்றும், அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு நேரத்துக்குக் காப்பாற்றியது பெரிய விஷயம் என்றும் சின்னவளைப் பாராட்டினார்.

"இந்த ஓட்டை விடுற யோசனை உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

சின்னவள் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வெளிச்சத்தை எடுத்துக்கொண்டாள், பிள்ளைகளை எடுத்துக்கொண்டாள், கடைசியில் என் ஓட்டைகளையுமா?

"அது என் ஓட்டை மேடம்! முந்நூத்திப் பன்னிரண்டு ஓட்டையும் நான் விட்டது!"

"அப்போ எப்படி அடைச்சுக்கிச்சு?"

சின்னவள் உள்ளங்கையை மெல்ல மூடினாள். அதற்குள் மெழுகுத் துணுக்குகள் இருந்ததைப் பெரியவள் பார்த்துவிட்டாள். அவள் காட்டிக்கொடுக்கப்போவதில்லை என்று புரிந்ததும் எரிச்சல் இன்னும் ஏறியது. இவளிடம் போய்ப் பிச்சை வாங்குவதா?

"நான்தான் அடைச்சேன்" என்று பின்கதவைத் திறந்து காட்டினாள்.

மேடம் குனிந்து பார்த்தார். சேற்றில் கட்டில் கவிழ்ந்து, ராஜா குப்புற விழுந்து கிடந்தார். இரண்டு விளக்குகளும் அவர் முதுகில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

"இது யாரு?"

"யாருமில்ல மேடம்" என்றாள் பெரியவள்.

பட்டறைத் தலைமை சின்னவளுக்கு என்று மதியத்துக்குள் சொல்லிவிட்டார்கள். ஜிகுராட்டைப் பழையபடி ஆக்க, திறப்பு விழாவுக்குள் இரண்டு நாள் அவகாசம். பெரியவள் களிமண்ணைப் பிசைந்து அந்த அறையை நிரப்பத் தொடங்கினாள். சின்னவள் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விலகிய செங்கற்களைத் துடைத்து வரிசையாக அடுக்கினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? ஜிகுராட்ட முதல்ல நான்தான் கேட்டேன்."

பெரியவளின் கை நின்றது.

"மேடம் குடுக்கல. இது பெரியவங்க கைக்குத்தான் வரும்னுட்டாங்க. எனக்கு வந்தது பிணத்த வெச்சுப் பூட்டுற இடம். உங்களுக்கு வந்தது ஜனங்க அண்ணாந்து பாக்குற கோயில். எனக்குச் சோறு இறங்கல. அந்த வயித்தெரிச்சல்லதான் கதவு, பல்புன்னு ஏதேதோ பண்ணி வெச்சேன்."

நாற்காலி போன துக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் பெரியவளுக்கு மூன்று நாளில் முதல்முறையாக வயிறு குளிர்ந்தது. அதை வெளியே காட்டாமல், எத்தனை நாள் சோறு இறங்கவில்லை என்று கேட்டாள்.

"பத்து நாள் இருக்கும்கா."

பத்து நாளா? பெரியவள் இன்னொரு பிடி மண்ணை எடுத்து அறைக்குள் அழுத்தினாள். தனக்கு எரிந்ததென்னவோ புதன், வியாழன், வெள்ளி, மூன்றே நாள். இதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று அவளுக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.