உப்புப் போட்ட ஐஸ்

மண்சரிவில் பாதை அடைபட்டு, அலவத்துகொடயில் கரண்ட் போய் மூன்று நாள். பஸ்னாவிடம் இருந்தது இரண்டு இன்சுலின் போத்தல். ஒன்பது வயது மகள் ருக்கியாவுக்குக் காலையும் மாலையும் ஊசி போட வேண்டும். திறந்த போத்தலில் நாலு தடவைக்குத்தான் மருந்து மிச்சம். அதை அலுமாரிக்குள் வைத்தாள். மற்றது திறக்காதது. அது சூட்டில் கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மீன் வியாபாரி ஜவாஹிர் ஒரு பை ஐஸ் தந்தார். அதைக் குளிர் காக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் கொட்டினாள். மதியத்துக்குள் பாதி தண்ணீராகிவிட்டது. உப்புப் போட்டால் குளிர் கூடும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். இரண்டு கைப்பிடி உப்பைத் தூவி, புதுப் போத்தலை ஐஸுக்குள் புதைத்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு திறந்து பார்த்தாள். மருந்து கட்டியாக உறைந்திருந்தது.

உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் உருகி, பழையபடி தெளிந்தது.

"நல்லாத்தானே ஈக்கு. போடலாம் போல," என்றார் கணவர் லாபிர்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, கண்டியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஹபீலை அழைத்தாள்.

"உறைஞ்சதைப் போட வேணாம் தங்கச்சி. உருகினாலும் அது வேலை செய்யாது," என்றார் அவர். "ஐஸ் கரையச் சூடு வேணும். பக்கத்துல ஈக்குறதுலருந்து அதை இழுத்துக்கும். உப்பு சேர்ந்தா, தண்ணி உறையுற குளிரை விடவும் கீழ போயிடும்."

"அப்ப அலுமாரியில ஈக்குறதும் போச்சா?"

"திறந்து எத்தனை நாள்?"

"பத்து."

"வெயில் படலண்டா ஒரு மாசம் வரைக்கும் வெளியில ஈக்கலாம். பயப்படாதீங்க. ஆள் அனுப்புங்க, புதுசு தாறேன்."

விடிந்ததும் லாபிர் சரிந்த மண்ணைக் கடந்து நடந்தே போனார். அன்று மாலை வரவில்லை. மழை மறுபடி பிடித்தது. மறுநாள் காலை கடைசி மருந்தை ஊசியில் உறிஞ்சி எடுத்த பிறகும் பஸ்னா காலிப் போத்தலைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"உம்மா, நானே குத்திக்கவா?" என்றாள் ருக்கியா.

"வேணாம். அசையாம இரு."

மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் லாபிர் வாசலில் நின்றார். முழங்கால்வரை சேறு. சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினார். பஸ்னா அதை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.