வாயிற்படியில் கிடந்த வடம்

வெயில் சாயத் தொடங்கிய பிற்பகலில், மேற்கிலிருந்து வீசிய காற்று மணல்மேடுகளின் முதுகை ஓயாமல் வாரிவிட, வன்னிமர நிழலில் வெள்ளாடுகள் கண்மூடி அசைபோட, தொலைவில் ஒட்டகங்கள் புல்தேடி நடக்க, ஜெய்சல்மேருக்கும் மேற்கேயுள்ள எங்கள் லூணாசர் மூன்றாம் ஆண்டாக மழை காணாமல் கிடந்தது. ஊருக்கு அடியாழத்தில் கடலளவு நீருண்டு; அத்தனையும் உப்பு. அதற்கு மேலே மெல்லிய வெண்களிப் படுகையொன்று, என்றோ பெய்த மழையை மணலுக்குள் ஈரமாகத் தாங்கி நிற்கிறது. அது சொட்டுச் சொட்டாய்க் கசிந்து சேரும் ஒடுங்கிய குழிகளை நம்பித்தான் நாங்கள் பிழைக்கிறோம். குழி அவரவர்க்கு உரியது. ஈரம் அனைவர்க்கும் பொது. இறைத்து முடித்ததும் வடத்தையும் தோல்வாளியையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவோம். பிறர் குழியில் தன் வடத்தை இறக்கத் துணிந்தவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

கேமாராமின் மகள் பாரிக்குத் திருமணம் நெருங்கியிருந்தது. மணமகன் வீட்டார் வந்திறங்கும்போது, பெண்ணின் தாய் தன் வீட்டுக் குழியின் நன்னீரால் குடம் நிறைத்து எதிர்கொள்ள வேண்டும். உவர்நீர் கண்டு முகஞ்சுளித்துத் திரும்பிப்போனவர்களும் உண்டு. கேமாராமின் குழியோ அடிவற்றிக் கிடந்தது. ஆகவே, கல் விழுந்தாலும் மண்டை பிழைக்கட்டுமென்று பித்தளைப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவன் உள்ளிறங்கி அடியை அகழ்ந்தான்; கீழே மூச்சு முட்டாதிருக்க, மனைவி தாபூ மேலிருந்து பிடிபிடியாய் மணலை வீசிக் காற்றை உள்ளே தள்ளினாள். ஆசை யாரை விட்டது? வெண்களி தட்டுப்பட்டதும் நிறுத்தியிருக்க வேண்டியவன், இன்னும் ஒரு விரற்கடை என்று கொத்த, படுகை பொத்துக்கொண்டது. காலடியில் ஊறியிருந்த நீர் கண்ணெதிரே உள்வாங்கி மறைந்தது.

மேலேறி வந்தவன் முகத்தைக் கண்டதுமே தாபூவுக்கு விளங்கிவிட்டது.

“பொத்துட்டீங்களா?”

“மெல்லப் பேசு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

“அதுக்குள்ள சுத்தி இருக்கிற அத்தனை குழித் தண்ணியும் இந்தப் பொத்தல் வழியா உப்புல இறங்கிடும். ஊரு வாயில மண்ணைப் போட்டுட்டு மாப்பிள்ளைக்கு மாலை போடுவீங்களாக்கும்.”

“பக்கத்துக் குழி ஜுமேகானோடது. அவர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?”

“இருக்கிற மூஞ்சியத்தான். வேற ஒண்ணு வச்சிருக்கீங்களா என்ன?”

ஜுமேகான் ஒட்டகம் மேய்ப்பவன். தன் கம்புப்பயிரை மேய்ந்த அவனுடைய ஒட்டகத்தைக் கேமாராம் ஒரு பகல் முழுதும் நீர் காட்டாமல் கட்டிப்போட்ட நாள் முதல், இருவருக்கும் பேச்சில்லை. ஆயினும் அன்றே கேமாராம் அவன் வாயிலில் நின்று நடந்ததைச் சொன்னான். ஜுமேகான் புல்வடம் முறுக்கிய கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“என் ஒட்டகத்துக்கு ஒரு வாய் தண்ணி காட்டாதவன், இப்ப ஊருத் தண்ணியவே குடிச்சிட்டியா?”

“ஆமாண்ணே. திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இப்ப வந்து அடைக்கக் கைகொடுங்க.”

“அப்புறம் என்ன அப்புறம்? திட்டிக்கிட்டேதான் வருவேன்.”

சொன்னபடியே வந்தான். இருவரும் மாறி மாறி உள்ளிறங்கி, பிசைந்த களிமண்ணை அறைந்து பொத்தலை அடைத்தனர். ஆனால் அடைப்பு எந்நேரமும் விட்டுப்போகலாம்; ஒருமுறை பொத்த படுகையின்மேல் குழியைத் திறந்து வைத்திருக்கலாகாது. எவரும் சொல்லுமுன்னே, தன் முன்னோர் தோண்டிய குழியைக் கேமாராமே விளிம்புவரை மணலிட்டுத் தூர்த்தான். கடைசிக் கூடையைக் கொட்டிய தாபூ அழுதாள். வாயாடியான அவள் அழுது அன்றுதான் கண்டோம்.

மணநாள் காலையில், வெறுங்குடத்தை இடுப்பில் ஏந்தி உவர்க்கிணற்றுக்குப் புறப்பட்ட தாபூ, வாயிற்படியில் கால் தடுக்கி நின்றாள். புதிதாய் முறுக்கிய வடமொன்றும் தோல்வாளியும் அங்கே கிடந்தன. ஒருவர் படியில் வடத்தை வைத்துவிட்டால், என் குழி இனி உன் வீட்டுக் குழி என்று பொருள். அதை வாயால் சொல்லிக்காட்டுவது எங்கள் வழக்கமன்று.

மணமகனின் தந்தை இரு கையேந்திப் பருகினார். “நல்ல தண்ணிம்மா. எந்தக் குழி?”

“எங்க வீட்டுக் குழிதாங்க,” என்றாள் தாபூ. ஒட்டகங்களை அவிழ்த்துக்கொண்டிருந்த ஜுமேகான் தலைநிமிரவில்லை.

மழை பின்னர் பெய்தது. நைந்த வடங்களுக்கு மாற்றாகப் புது வடங்கள், வசவுகளோடு, அந்த வாயிற்படிக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. தூர்த்த குழியின்மேல் அடர்ந்து முளைத்த புல்லை ஜுமேகானின் ஒட்டகம் நாளும் வந்து மேய்கிறது; அது வரும் நேரம் பார்த்துக் கேமாராம் ஒரு வாளி நீரை வெளியே வைக்கிறான்.