பிளக்கைப் பிடித்த கை

1.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, தானாக வந்து தலையில் விழுந்தது. ஹிப்-ஹாப் பிறந்து வளர்ந்து பரவிய கதையைச் சொல்லும் புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்கு விளக்க அட்டைகள் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். படத்துக்கு நாற்பது சொல். எனக்கு நலம் விசாரிக்கவே நாற்பது சொல் போதாது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘அரை நூற்றாண்டுக்கு முன், எங்கோ தொலைவில், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்து, இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடிய பிள்ளைகள் உலகத்தையே

(இங்கே பேனாவை மூடிவிட்டேன். ‘உலகத்தையே’ என்று வந்துவிட்டால் அடுத்து வருவது அளப்புதான்.)

இரண்டாவது தொடக்கம்: ‘என் அண்ணன் தலைகீழாக நின்றுகொண்டிருந்தான்.’ இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2.

கண்காட்சிக்கு நான்கு அறைகள். முதல் அறையில் இசைத்தட்டுகள், இரண்டாவதில் வண்ணம் பீய்ச்சிய சுவர்கள், மூன்றாவதில் மைக் பிடித்துப் பாடியவர்கள். நான்காவது அறை, அந்தக் காற்று எங்கள் தெருப்பக்கம் வீசிய கதை. அங்கேதான் அண்ணன் இருந்தான். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தெருவில் விரித்து, அதன்மேல் ஐந்து பேர். நடுவில் தலையை ஊன்றிச் சுழல்பவன் அவன். இன்று அவனுக்கு மாடி ஏறவே கைப்பிடி வேண்டும்.

என் அண்ணி அப்போது எதிர்வீட்டுப் பெண். டேப் ரெக்கார்டருக்குக் கரண்டு அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. வாசல் நிலையை ஒட்டியிருந்த பிளக் பாயிண்ட் லொடலொட. கையை எடுத்தால் பாட்டு நின்றுவிடும். ஆட்டம் முடியும்வரை வாசலில் குத்தவைத்து அதை அழுத்திப் பிடித்திருந்தவர் அண்ணி.

“நீயும் படத்துல இருக்கேம்மான்னு போட்டோ எடுத்தவரே சொன்னாரு” என்பார். முப்பது வருடமாகச் சொல்கிறார். அன்று படத்தை வெளியிட்ட பத்திரிகை ஓரத்தை வெட்டிவிட்டதால் யாரும் நம்பவில்லை. அண்ணன் மட்டும் நம்பினான். அவனுக்கு வேறு வழியில்லை. இந்த முறை நெகட்டிவிலிருந்து முழுப் படமும் அச்சாகியிருந்தது.

(ஓரக்குறிப்பு: அண்ணியை முதலில் சோகமாக எழுதிப் பார்த்தேன். ‘கண்கள் பனிக்க’ என்றுகூட ஓர் இடம். சினிமாக் கொட்டகையில் பக்கத்து சீட்டில் அழுபவரை அதட்டுகிற ஆள் அவர். அடித்துவிட்டேன்.)

3.

திறப்பு விழா ஐந்து மணிக்கு. நாலரைக்கே அண்ணி வந்துவிட்டார். அவர் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்யும் ஆறு பெண்கள் பின்னால் வேனில் வருகிறார்களாம். படத்தில் தன்னைக் காட்டத்தான் அழைத்திருந்தார். நேராக நான்காவது அறைக்குப் போனார்.

“தம்பி, இங்க வா.”

போனேன்.

“நான் எங்கப்பா?”

படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வெள்ளை அட்டை வைப்பார்களே, மவுண்ட், அது வாசல் நிலைவரை வந்து அண்ணி இருக்க வேண்டிய இடத்தைச் சுத்தமாக மூடியிருந்தது.

4.

‘ஃபிரேம் போட்டவர் தன் இஷ்டத்துக்கு ஓரத்தை மறைத்துவிட்டார்.’ இந்தக் கதையின் முதல் மூன்று வரைவுகளிலும் இப்படித்தான் எழுதினேன். கதையும் ஜோராக ஓடியது. ஆனால்

(இந்த ‘ஆனால்’ இரண்டு நாள் அப்படியே கிடந்தது.)

சரி, சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஃபிரேம்காரர் போன் செய்தார். “சார், இடது ஓரத்துல ஒரு கை மாதிரி என்னமோ தெரியுது. பாக்க நல்லா இல்ல. மறைச்சிடவா?” நான் வேறொரு அட்டையின் நாற்பதாவது சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். “மறைச்சிடுங்க” என்றேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. அண்ணியின் கதையை நூறு தடவை கேட்டவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேச்சுச் சத்தம் கேட்டு ஃபிரேம்காரரே பக்கத்து அறையிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “என் தப்புதாம்மா. பத்து நிமிஷம் குடுங்க” என்றார். நான் வாயே திறக்கவில்லை.

5.

சட்டத்தை மேசையில் கவிழ்த்தார். பின்பக்க டேப்பைக் கிழித்து, ஆணிகளைப் பிடுங்கி, மவுண்ட்டின் இடது ஓரத்தை பிளேடால் சீவி எடுத்தார். வெளியே வேன் வந்து நின்றது. படத்தைத் திருப்பி மாட்டினார்.

வாசல் நிலை. பிளக் பாயிண்ட். அதை அழுத்தும் ஒரு கை, மணிக்கட்டுவரை. அவ்வளவுதான். முகம் இல்லை. நெகட்டிவே அங்கே முடிந்துவிட்டது.

(அண்ணியின் சிரித்த முகம் தெரிவதாகவும், எல்லோரும் கைதட்டுவதாகவும் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். படத்தைப் பார்த்தவனால் அப்படி எழுத முடியாது.)

ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் வாயாடி ஒருத்தி கேட்டாள்: “என்னக்கா, மூஞ்சியவே காணோம்? இது யாரு கைன்னு எப்பிடி நம்புறது?”

அண்ணி படத்தின் ஓரத்தை மறுபடி உற்றுப் பார்த்தார்.

கண்ணாடி போட்ட இன்னொருத்தி படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “ஏய், கட்டைவிரலப் பாருங்கடி. வெளிப்பக்கமா வளைஞ்சு அமுக்குது. ரத்தம் எடுத்துட்டுப் பஞ்ச வச்சு அமுக்குவாங்களே, அதே பிடி. தினம் பாக்கறோமே! இது அக்கா கைதான்.”

ஆறு பேரும் தங்கள் கட்டைவிரலை அப்படி வளைத்துப் பார்த்தார்கள். ஒருத்திக்கும் வரவில்லை. அண்ணி தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டினார். அதே வளைவு.

“அட ஆமா!” என்றாள் வாயாடி.

“உங்கண்ணன் தலையால நின்னானாம்! நான் கைய எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்று அண்ணி சிரித்த சிரிப்பில் முதல் அறையிலிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். விளக்க அட்டையில் ‘ஐந்து பேர்’ என்றிருந்ததை அடித்து ‘ஆறு பேர்’ என்று எழுதினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

6.

“என்னப் பத்தி எழுதுறியாமே, குடு” என்று நேற்று அண்ணி கேட்டார். நாளை கொடுக்க வேண்டும். நான்காவது பகுதியில் பாதியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். ஃபிரேம்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அண்ணி திட்டுகிறார், ஒன்றில் சிரிக்கிறார், மூன்றாவதில் மறைக்கச் சொன்னது நான்தான் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். மூன்றும் என் கைச்சரக்கு, அதனால் மூன்றையும் நான் நம்பவில்லை.

ஆகவே ஃபிரேம்காரர் போனில் என்னிடம் கேட்டதை உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கதையின் ஓரத்தில் ஒரு கை தெரிகிறது. பார்க்க நன்றாக இல்லை. என்னுடையதுதான். மறைத்துவிடவா?

ஒரு நொடியில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.